மத்தியானம் வீட்டில் ஆள் இருக்கு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவர் அங்கேயே இருந்தார், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்துப் படியையும் மிதிக்காமல் கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஊர் ஊராக இடம்பெயர்ந்து, புருஷனையும் சுடலைக்கு அனுப்பிவைத்தேன். எதற்கும் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. கிழவியான பிறகு, சுவிசில் வைத்து, அது என்னைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது.

2009இல் மகள் என்னைத் தன்னிடம் எடுப்பித்தாள். சூரிச்சுக்குப் பக்கத்தில், டீட்டிகோனுக்கு அடுத்த ஊரில் மூன்றாம் மாடியில் வீடு. அவளுக்குப் பார்சல் பிரிக்கிற ஒரு பெரிய கூடத்தில் வேலை, மருமகனுக்கு ஒரு கன்ரீன் குசினியில் வேலை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் நின்றால் அது திருவிழா. நடுவில் ஒரு வயதுப் பேத்தி. அவளைப் பார்க்கத்தான் நான்.

“அம்மா, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் மட்டும்தான். பிறகு நீங்கள் விரும்பின இடத்துக்குப் போய்வரலாம்,” என்று மகள் விமானநிலையத்தில் வைத்தே சொன்னாள். நானும் நம்பினேன். 

நான் விரும்பின இடம் ஒன்றே ஒன்றுதான். வின்டர்தூர். அங்கே என் தங்கச்சி இருக்கிறாள். எனக்கு இரண்டு வயது இளையவள், வாய் மட்டும் என்னை விட மூத்தது. ஊரில் சண்டை தொடங்கின காலத்திலேயே புருஷனோடு இங்கே வந்து, டாவோசில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு வின்டர்தூருக்கு இறங்கி, ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நிலையாக நின்றவள். நான் வந்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இருபது வருடத்துக்கு மேல். அந்த இருபது வருடத்துக்குள் அவளுடைய புருஷன் ஒரு நாள் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர், திரும்பி வரவில்லை. செத்துப்போகவில்லை. சண்டையும் இல்லையாம். ஏன் போனார் என்று அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. நான் ஊரிலிருந்து போனில் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்.

“இது போனில சொல்லுற கதையில்லை அக்கா. நேரில வா, பக்கத்தில படுத்திருந்து சொல்லுறன்.”

அதற்காகத்தான் நான் விமானம் ஏறினேன் என்று சொன்னால் மகள் கோபிப்பாள். ஆனால் பாதிக்குப் பாதி அதுதான் உண்மை. ஒரு கதையை நடுவில் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதுவும் என் தங்கச்சியின் கதை. அவள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிகிறாள் என்பதும் எனக்குத் தெரியும்.

கைக்குழந்தையோடு தனியாக ரயில் ஏற மகள் என்னை விடவில்லை. பேத்தி வளர்ந்து கின்டர்கார்டனுக்குப் போகத் தொடங்கினாள். மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சரி, சின்னதுகளின் விளையாட்டுத்தானே, பெரிய பள்ளிக்கூடம் போனால் பொழுதுபடத்தான் வருவாள் என்று பொறுமையாக இருந்தேன். முதலாம் வகுப்புத் தொடங்கிய அன்று தலையைப் பின்னிக்கொண்டு, கைப்பையைத் துடைத்து வைத்துவிட்டு, நாளைக்கே வின்டர்தூர் போவதாகத் தங்கச்சிக்கு அறிவித்தேன். போனை வைக்கவில்லை, வாசலில் மணி அடித்தது. முதுகில் தன்னை விடப் பெரிய பையோடு பேத்தி.

“என்னடி, முதல் நாளே கலைச்சுப்போட்டினமோ?”

“நைன், இல்ல அம்மம்மா. இப்ப சாப்பாடு. பிறகு திரும்பப் போகணும்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும்.”

“எல்லா நாளுமோ?”

“புதன்கிழமை திரும்பப் போகத் தேவையில்ல.” அதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னாள்.

அன்றைக்கு அவளுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு பல்கனியில் வந்து நின்றேன். கீழே ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடம் இல்லை. இந்த ஊராட்சிக்குக் கீழே எத்தனை பள்ளிக்கூடம் உண்டோ அத்தனையும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து பிள்ளைகளை வெளியே துப்பியிருந்தன. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வாசலுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு வாசலுக்குப் பின்னாலும் ஒருத்தி அகப்பையோடு நிற்கிறாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்கள் கட்டிடத்தைக் கட்டி, வாத்தியார்மாரை வைத்து, மணியையும் வாங்கி மாட்டிவிட்டு, மிச்சப் பள்ளிக்கூடத்தை எங்கள் குசினிகளில் நடத்துகிறார்கள். நான் சம்பளமில்லாமல் சுவிஸ் அரசாங்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் மத்தியானத்தில் கட்டிய மாடுதான். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் மேயலாம். காலையில் பிள்ளை போனபின் கடைக்குப் போகலாம், ஆற்றங்கரை வரை நடக்கலாம், பாதித் தூரத்திலேயே கயிறு இழுக்கும். சோறு வைக்க வேண்டும். சாப்பிட்டு அவள் போனால், பாத்திரம் கழுவி நிமிர்வதற்குள் திரும்ப வந்துவிடுவாள்.

தங்கச்சிக்குச் சனி ஞாயிறில்தான் கடையில் நெருக்கடி. அவளுக்கு லீவு செவ்வாய்க்கிழமை. எனக்குச் செவ்வாய் கட்டு, அவளுக்கு ஞாயிறு கட்டு. ஒரே நாட்டில், ரயிலில் போனால் ஒரு தூக்கம் போடக்கூட நேரமில்லாத தூரத்தில், இரண்டு பேரும் கடல் கடந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

கடைசியில் ஒரு வழி கண்டோம். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அங்கேயிருந்து வர, நான் இங்கேயிருந்து போக, நடுவில் சூரிச் பெரிய ஸ்டேஷனில் மணிக்கூட்டுக்குக் கீழே சந்திப்பது. அவள் ஃபிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவாள். ஆயிரம் பேர் இடித்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் இரண்டு கிழவிகள் நின்றபடி மூடியில் தேத்தண்ணி குடிப்போம்.

“அண்டைக்கு அவர் காலமை எழும்பி, வழமை போல முகம் கழுவி...” என்று தொடங்குவாள்.

“கழுவினது கிடக்கட்டும். விசயத்துக்கு வாடி.”

“அவசரப்படாதை. சாப்பிட்டார். சாப்பிட்டுப்போட்டு என்னைப் பார்த்து ஒரு கதை சொன்னார்.”

“என்ன சொன்னார்?”

“அக்கா, உன்ர ரயில்!”

நான் ஓட வேண்டும். அடுத்த கிழமை அவள் திரும்ப முகம் கழுவுவதிலிருந்து தொடங்குவாள். அந்த மனிசன் எத்தனை செவ்வாய்க்கிழமை முகம் கழுவினார் என்று எனக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூட லீவில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். பேத்திக்குத் தமிழ் வாயால் வருவது குறைவு, காதால் நன்றாகப் போகும். அங்கே மூலையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். நாங்கள் குசுகுசு என்று தொடங்கியதுதான் தாமதம், கீறுகிற சத்தம் நின்றுவிட்டது. அன்று இரவு மேசையில் வைத்துத் தாயிடம், “அம்மா, சின்ன அம்மம்மாட புருஷன் ஏன் போனவர்?” என்று கேட்டாள். மகள் என்னைப் பார்த்த பார்வையில் அப்பளம் பொரிக்கலாம். அதோடு அந்த வழியும் அடைபட்டது.

அப்போதுதான் தங்கச்சி அடுத்த குண்டைப் போட்டாள். அவளுக்குப் பென்ஷன் வரப்போகிறது. கனடாவில் இருக்கிற அவளுடைய மகன் தன்னிடம் வரச் சொல்லிக் கூப்பிடுகிறான். கோடை லீவுக்கு முன்னே போய்விடுவாள். போனால் போனதுதான், திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

“ஒரு பின்னேரம் வா அக்கா,” என்றாள். “ஒரே ஒரு பின்னேரம். சாப்பிட்டு, பாயைப் போட்டுப் படுத்து, ஆறுதலாய்ச் சொல்லுறன். நிண்டுகொண்டு என்னால சொல்ல ஏலாது.” மணிக்கூட்டுக்குக் கீழே நின்று, தேத்தண்ணி மூடியைத் துடைத்தபடி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். பகிடிக்காரியின் குரல் அன்றைக்கு அவளிடம் இல்லை.

ஒரு பின்னேரம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எங்கள் கட்டிடத்துக்குக் கீழே உடுப்புத் தோய்க்கும் அறை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நாள். எங்களுக்கு அடுத்த முறை முதலாம் மாடிப் போர்த்துக்கீசுக்காரியுடையது. அலுவலகங்கள் துடைக்கிற வேலை அவளுக்கு. அவளுடைய ஜெர்மன் நொண்டி, என்னுடையது குருடு. இரண்டும் சேர்ந்து எப்படியோ நடக்கும். அவள்தான் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் மிட்டாக்ஸ்டிஷ் என்று ஒன்று இருக்கிறது, மத்தியானம் பிள்ளைகளை அங்கேயே வைத்துச் சாப்பாடு கொடுக்கிறார்கள், தன் மூத்தவள் அங்கேதான் சாப்பிடுகிறாள் என்று. எனக்குக் கையில் இருந்த மருமகனின் ஈரச் சறம் நழுவிவிட்டது. இவ்வளவு காலமும் கதவு ஒன்று இருந்திருக்கிறது, நான் சுவரில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகளிடம் கேட்டேன்.

“நீங்கள் வீட்டில இருக்கேக்க பிள்ளை ஏன் வெளியில சாப்பிடவேணும்? ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

“செவ்வாய்க்கிழமை மட்டும்தான், பிள்ளை. ஒரு நாள்.”

முணுமுணுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இடம் கொஞ்சம்தான் இருக்கிறதாம். வயலில் எல்லாம் புதுக் கட்டிடம் எழும்பி, பள்ளிக்கூடம் பெட்டி பெட்டியாய்த் தற்காலிக வகுப்பு வைத்தும் பிள்ளைகள் கொள்ளவில்லையாம். அதனால் முதலில் ஒரு கேள்வி கேட்பார்களாம்: மத்தியானம் வீட்டில் ஆள் உண்டா?

“நீ என்ன சொன்னனி?”

“ஓம், அம்மா இருக்கிறா எண்டு சொன்னன். பின்ன பொய்யோ சொல்லுறது? சுவிஸ் பாஸ்போட்டுக்குப் போட்டிருக்கிறம், ஊராட்சி ஆக்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பினம்.”

அவள் சொன்னதிலும் பிழையில்லை. ஆள் இருக்கிறது. ஆளாக இருப்பதுதான் என் குற்றம்.

முதலில் முழங்கால் வலி என்று படுத்துப் பார்த்தேன். எழும்பவே ஏலாது, சோறு வைக்க ஏலாது என்று முனகினேன். மகள் பயந்து டொக்டரிடம் கொண்டுபோனாள். அவர் காலை மடக்கி நிமிர்த்திப் பார்த்துவிட்டு, இந்த வயதுக்கு இது நல்ல கால், இன்னும் கூட நடக்க வேண்டும் என்றார். எங்கே நடப்பது? பல்கனிக்கும் குசினிக்கும் இடையில்தான்.

பிறகு நானே நேரில் போய்க் கேட்பதென்று முடிவெடுத்தேன். அதில்தான் நான் ஒரு பெரிய கெட்டித்தனம் செய்தேன். அந்த மேசைக்குப் பொறுப்பான மனிசிக்கு என்ன கஷ்டம் இருக்கும்? இன்னொரு வயிற்றுக்குச் சமைப்பதுதானே? அந்தக் கஷ்டத்தை நாங்கள் கொடுக்கக் கூடாது. எங்கள் சாப்பாட்டை நாங்களே கொண்டுபோவோம், அவர்கள் ஒரு கதிரை தந்தால் போதும். காலையிலேயே எழும்பிச் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி என்று சமைத்து நாலு தட்டுச் சாப்பாட்டுக் கரியரில் அடுக்கினேன். உதவி கேட்கப் போகிறபோது பிச்சைக்காரி மாதிரியா போவது? கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, சங்கிலியை வெளியே எடுத்து விட்டு, திருநீறு பூசி, மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் பேத்தியை மறித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே நீளமான அறை. நீட்டு நீட்டு மேசை, காது அடைக்கிற சத்தம். பொறுப்பானவள் வெள்ளைத் தலையைக் கட்டையாக வெட்டிய, அகலமான மனிசி. நல்ல சிரிப்பு. நான் கரியரை மேசையில் வைத்து ஒவ்வொரு தட்டாகத் திறந்து காட்டினேன். அவள் குனிந்து மணந்து பார்த்து, உதவிக்கு நின்றவளையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

“அவ கேக்கிறா, இது யார் செய்தது?” என்றாள் பேத்தி.

“நான்தான் எண்டு சொல்லு.”

“எல்லா நாளும் இப்படியா எண்டு.”

“எல்லா நாளும்தான்! மூண்டு கறிக்குக் குறைஞ்சு நான் வைக்கிறேல்லை எண்டு சொல்லடி.”

பேத்தி சொன்னாள். அந்த மனிசி கையை நெஞ்சில் வைத்து நீளமாக என்னவோ சொன்னாள். நான் வெற்றி என்றுதான் நினைத்தேன்.

“என்னவாம்? எந்தக் கதிரையாம்?”

“எனக்கு லக் எண்டு சொல்றா.”

“என்ன லக்?”

“வீட்டில அம்மம்மா இருக்கிறது. இந்த இடம் வீட்டில ஒருத்தரும் இல்லாத பிள்ளைக்குத்தானாம்.”

அந்த மனிசி கரியரைத் திரும்ப அடுக்கிப் பூட்டி என் கையில் தந்து, மற்றக் கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். அவ்வளவு மரியாதையாக என்னை ஒருவரும் வெளியே போட்டதில்லை.

வீட்டுக்குப் போக நேரமில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் கிடந்த மர வாங்கில் இருந்து சாப்பிட்டோம். பேத்தி விரலை நக்கிக்கொண்டு, “அம்மம்மா, அங்க இண்டைக்கு நூடில்ஸ்,” என்றாள்.

“உனக்கு அங்க சாப்பிட விருப்பமோடி?”

“ஓம். ஆனா நீங்க தனிய இருப்பீங்க தானே.”

பார்த்தீர்களா, அதுவும் என்னைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதற்காகக் கட்டுண்டு கிடக்க, அது எனக்காக நூடில்ஸை விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறது. 

கதை அதோடு நிற்கவில்லை. கரியர் விஷயம் ரீச்சர் காதுக்கும் போய், பெற்றோர் கூட்டத்தில் அவ எல்லோருக்கும் முன்னால், வீட்டில் இப்படியான ஒருவர் காத்திருப்பது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பலம் என்று சொன்னாவாம். மகள் பூரித்துப்போய் வந்தாள்.

“அம்மா, உங்களைப் பற்றித்தான் கதை! எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தவை.”

“நல்லது பிள்ளை. ஒரு மாலையும் போட்டு, மாலையின்ர மற்ற நுனியைக் குசினிக் கதவில கட்டச் சொல்லு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

பனி கரைந்து மரமெல்லாம் பச்சை பிடித்தது. தங்கச்சி வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் ஸ்டேஷனுக்குத் தேத்தண்ணியோடு ஒரு சட்டியோ ஒரு தேங்காய்த் துருவலையோ கொண்டுவருவாள். அவளுடைய வீடு கொஞ்சம் கொஞ்சமாக என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவளுடைய கதைதான் முகம் கழுவுமிடத்தில் நின்றது. மத்தியானத்தில் பேத்தி சாப்பிடுகிறபோது நான் சுவரில் இருக்கிற மணிக்கூட்டைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கப் பழகிவிட்டேன்.

ஒரு நாள் போர்த்துக்கீசுக்காரி ஒரு கேக்கோடு மேலே ஏறி வந்தாள். கண் சிவந்திருந்தது. முதலாம் வகுப்புப் படிக்கிற அவளுடைய சின்னவளை இவ்வளவு நாளும் மத்தியானத்தில் பார்த்த மாமியார் போர்த்துக்கலுக்குத் திரும்பிவிட்டா, மிட்டாக்ஸ்டிஷில் மூத்தவளுக்கு இடம் உண்டு, சின்னவளுக்கு இல்லையாம், அடுத்த வருடம் பார்ப்பார்களாம். பிள்ளையை மத்தியானம் தனியே விடுவதா, வேலையை விடுவதா? மிட்டாக்ஸ்டிஷ் மனிசிதான் அவளிடம் சொல்லியிருக்கிறாள், உங்கள் கட்டிடத்திலேயே ஒரு குரோசி இருக்கிறாவே, நாலு தட்டில் சமைக்கிறவ, அவவைக் கேட்டுப் பாருங்கள் என்று. குரோசி என்றால் பாட்டி. 

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு பிள்ளையை அங்கே தள்ளப் போன எனக்கு அங்கேயிருந்து இன்னொரு பிள்ளையை அனுப்புகிறார்கள். ஆனால் பசித்த பிள்ளைக்குச் சோறு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஓம் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயைத் திரும்ப மூடினேன். இவளுக்கு எந்த நாள் வேலை இல்லை?

கேட்டேன். செவ்வாயும் புதனும் விடியப்புறத்தில்தான் வேலை, மத்தியானத்தில் இருந்து வீட்டில்தான் நிற்பாள்.

நான் கதிரையை இழுத்து அவளை இருத்தினேன். கேக்கை வெட்டினேன். என் குருட்டு ஜெர்மனில், ஒரு கலியாணம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினேன். மற்ற நாளெல்லாம் உன் பிள்ளை என் வீட்டில். செவ்வாய் நான் திரும்பி வரும் மட்டும் என் பிள்ளை உன் வீட்டில். ஒரு நிபந்தனை. செவ்வாய் எங்களுக்கு மரக்கறி நாள். மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டையும் இல்லை.

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். “அப்ப என்னதான் இருக்கு?”

“சோறு இருக்கு. உருளைக்கிழங்கு இருக்கு. கடவுள் இருக்கிறார்.”

எழும்பி என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். சாப்பாட்டு மேசை விஷயத்தை ஊராட்சி தீர்க்கவில்லை, நாங்கள் இரண்டு பேரும் ஒரு கேக்கில் தீர்த்தோம்.

மிஞ்சியது மகள். அவளுக்குத் தெரியாமல் செய்யலாமென்றால் பேத்தியின் வாய் இருக்கிறதே. அன்று வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறபோதே சொல்லிவிட்டேன்.

“அம்மா, உங்களுக்கு விசரோ? ஆக்களின்ர வீட்டில பிள்ளையைச் சாப்பிட விடுறதோ? அங்க என்ன சட்டியில என்ன சமைக்கினமோ! பார்க்கிற ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

“எந்த ஆக்கள்? ஆக்களெல்லாம் வேலைக்குப் போட்டினம். மத்தியானத்தில இந்த ஊரில பார்க்கிறதுக்கு இருக்கிற ஒரே ஆள் நான்தான்.”

“பகிடி விடாதேங்கோ.”

“பகிடியில்லை பிள்ளை. என்ர தங்கச்சி போகப்போறாள். நான் இந்த நாட்டுக்கு வந்து இத்தினை வருசத்தில அவளோட இருந்து ஒரு பின்னேரம் கதைக்கேல்லை. நிண்டுதான் கதைச்சிருக்கிறன். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் மட்டும் எண்டு நீதான் சொன்னனி. நான் அதை இப்ப கேக்கிறன், அவ்வளவுதான்.”

சப்பாத்து ஒன்று காலிலும் ஒன்று கையிலுமாக இருந்தாள். நாள் முழுக்கப் பார்சல் தூக்கிய கை, விரலெல்லாம் வெடித்திருந்தது. இவளையும் ஒரு மணி கட்டித்தான் வைத்திருக்கிறது, என்னுடையதை விடச் சின்னக் கயிறு என்று அப்போது நினைத்தேன். செவ்வாய்க்கிழமை விடிய நான் எழும்பியபோது அவள் வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய புது ஜக்கெட் எனக்காக என் கதிரையில் கிடந்தது. நல்லது, வெளியே மழை.

வின்டர்தூரில் தங்கச்சி ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். வீடு கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. பேசினால் சுவர் திருப்பிப் பேசியது. பாய் ஒன்று, இரண்டு தலையணை, ஒரு சட்டி, ஒரு பானை. கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும் வைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்து மணி அடித்தது. நான் எழும்பிவிட்டேன். கையில் சோறு, கால் வாசலைப் பார்க்கிறது.

“இரடி!” என்று தங்கச்சி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அக்காவுக்கு ‘டி’ போட்டு அவள் சொன்னது அன்றைக்குத்தான். “அது ஆரோ ஒருத்தரின்ர பிள்ளைக்கு அடிக்கிற மணி.”

இருந்தேன். சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு பாயில் இரண்டு பேரும் படுத்தோம். யன்னலில் மழை. வாசலில் மணி இல்லை, அடுப்பில் ஒன்றும் இல்லை, ஒருவரும் வரப்போவதில்லை. அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

“அண்டைக்கு அவர் காலமை எழும்பி முகம் கழுவி...”

“ம்.”

“சாப்பிட்டுப்போட்டு என்னைப் பார்த்து...”

அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். கண்ணைத் திறந்தபோது மழை விட்டிருந்தது, வெயில் சுவரின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. என் மேல் ஒரு போர்வை கிடந்தது. தங்கச்சி யன்னலோரம் நிலத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கிச் சிவந்து, ஆனால் கழுவித் துடைத்த கோப்பை மாதிரி இருந்தது.

“ஐயோ, எவ்வளவு நேரமடி?”

“கன நேரம். நல்லாய்க் குறட்டை விட்டனி.”

“எழுப்பியிருக்கலாம்தானே! சொல்லு, சொல்லு, கெதியாய்ச் சொல்லு. என்னைப் பார்த்து என்ன சொன்னார்?”

“சொல்லிப்போட்டன்.”

“ஆருக்கு?”

“உனக்குத்தான். தொடக்கத்தில இருந்து முடியும் மட்டும் சொன்னன். நடுவில அழுதும் போட்டன். நீ ‘ம்’ எண்டு கூடச் சொன்னனி.”

“நான் நித்திரையடி!”

“அது எனக்குத் தெரியும்,” என்றாள். “அதுதான் சொல்லக்கூடியதாய் இருந்தது.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு பாடுபட்டு, முழங்காலை நோக வைத்து, கரியர் தூக்கி, போர்த்துக்கீசுக்காரிக்கு உருளைக்கிழங்கு படிப்பித்து வந்தது நித்திரை கொள்ளவா? ஸ்டேஷன் வரைக்கும் கெஞ்சிக்கொண்டு நடந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் தெரிந்த ஆட்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு, கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி லேசாக நடந்தாள். ரயில் வந்தது. என்னை ஏற்றிவிட்டு, உள்ளே ஒரு காலை வைத்துக் கதவைப் பூட்ட விடாமல் நின்றாள்.

“அடுத்த செவ்வாயும் வருவன். கண்ணில மிளகாய் பூசிக்கொண்டெண்டாலும் முழிச்சிருப்பன். திரும்பச் சொல்லுவாய்தானே?”

“சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்ல நான் என்ன பள்ளிக்கூடத்து மணியோ?” என்றாள். “வா. வந்து சாப்பிடு. படு.”

காலை எடுத்தாள். கதவு பூட்டியது.